நூறாம் எண் சாலையின் பீர்கள்

வெர்மான்ட் மாநிலத்தின் நடுமுதுகு வழியாக வடக்கு தெற்காகப் போகிறது நூறாம் எண் சாலை. ஸ்டோ, வாட்டர்பரி, வெயிட்ஸ்ஃபீல்ட், வாரன், கில்லிங்டன் என்று பனிச்சறுக்குக்குப் பெயர்போன ஊர்கள் எல்லாம் அதன்மேல், இல்லாவிட்டால் அதிலிருந்து கூப்பிடு தூரத்தில். கடந்த முப்பது ஆண்டுகளில் இதே சாலையோரம் இன்னொரு தொழிலும் வேர்விட்டிருக்கிறது. அங்கே காய்ச்சுகிற பீரில் பாதி அந்த மாநில எல்லையைத் தாண்டுவதே அரிது. வேண்டுமானால் நாம்தான் மலையேறிப் போக வேண்டும். நானும் என் கணவரும் பாஸ்டனிலிருந்து காரில் கிளம்பியதற்குப் பனிச்சறுக்கு ஒரு காரணம் என்றால், இது இன்னொன்று.

என் தம்பி பர்லிங்டனில் வேலை பார்க்கிறான். வீட்டுச் சமையலறையில் பெரிய எஃகுப் பானை வைத்துச் சொந்தமாகப் பீர் காய்ச்சுகிறவன். நான் நுண்ணுயிரியல் படித்தவள். அவன் காய்ச்சும்போது போன் செய்து ஈஸ்ட்டின் மனநிலையைப் பற்றி என்னிடம் சந்தேகம் கேட்பான். எங்கள் பேச்சில் பாதி அதுதான். பிப்ரவரியில் பள்ளிகளுக்கு விடுமுறை விடும் வாரத்துக்கு முன்பாக வந்துவிடுங்கள், கூட்டம் குறைவாக இருக்கும் என்று அழைத்தான். ஸ்டோவுக்கு வெளியே ஒரு மரவீட்டை வாடகைக்கு எடுத்தோம். என் கணவர் குடிப்பதில்லை. அதனால் வண்டி ஓட்டும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். பனி உறைந்த மலைச்சாலையில் அவர் காட்டிய பொறுமை இல்லாமல் இந்தப் பயணமே இல்லை.

நாங்கள் வளர்ந்த வீட்டில் குடி என்பது வாய்விட்டுச் சொல்லக்கூடாத சொல். தெருவில் குடும்பங்கள் அதனால் சிதைந்ததைப் பார்த்திருக்கிறோம். அந்த அச்சம் என்னைவிட்டுப் போகவில்லை, போகவும் வேண்டாம் என்றே நினைக்கிறேன். நான் இங்கே எழுதுவது நூறு மில்லிக்குச் சற்று அதிகம் பிடிக்கும் சின்னக் கண்ணாடிக் கோப்பைகளைப் பற்றி. மரப்பலகையில் நான்கு கோப்பைகளை வரிசையாக வைத்துக் கொண்டுவந்து தருவார்கள், அதற்கு ஃபிளைட் என்று பெயர். சாப்பாட்டோடு, மோந்து பார்த்து, பேசிக்கொண்டே ஒரு மணி நேரம் உட்காரலாம். பக்கத்து மேசையில் குழந்தைகள் பிரெட்ஸல் பிய்த்துத் தின்றுகொண்டிருப்பார்கள், தாத்தா பாட்டிகள் ஈரக் கையுறைகளை நாற்காலியில் காயப்போட்டிருப்பார்கள்.

முதல் நாள் காலை மான்ஸ்ஃபீல்ட் மலை. உயரம் சுமார் 1,340 மீட்டர், வெர்மான்ட்டில் இதைவிட உயர்ந்த சிகரம் கிடையாது. பொருளாதாரப் பெருமந்தத்தின்போது வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு அரசு அமைத்த சி.சி.சி. என்ற படைதான் 1930களில் இதன் முதல் சறுக்குப் பாதைகளைக் காட்டுக்குள் வெட்டியது. அந்தப் பழைய பாதைகள் குறுகலானவை, மலை வளைகிற இடத்தில் தாமும் வளைகிறவை. மேற்கு மாநிலங்களில் விழுவது மாவு போன்ற பனி. இங்கே பகலில் இளகி இரவில் இறுகி, காலையில் கத்தி தீட்டலாம் போலக் கிடக்கும். டோல் ரோடு என்றொரு பச்சைக் குறியிட்ட எளிய பாதை, கிட்டத்தட்ட ஆறு கிலோமீட்டர், உச்சிப் பக்கத்திலிருந்து மெதுவாக மலையைச் சுற்றிச் சுற்றி இறங்குகிறது. ஸ்ப்ரூஸ் மரங்கள் இரண்டு பக்கமும் பனியில் பாரம் தாங்கிக் குனிந்து நிற்கும். நான் அன்று முழுதும் அதிலேயே இறங்கினேன். எலும்பு வரை குளிர். ஆனால் அந்தப் பாதையில் மூச்சு ஒரு தாளத்துக்கு வந்துவிட்ட பிறகு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்த மலையின் அடிவாரத்திலிருந்து மேலேறும் சாலை குளிர்காலத்தில் மூடிக்கிடக்கும் ஒரு கணவாயில் போய் முடிகிறது. பெயர் ஸ்மக்ளர்ஸ் நாட்ச், கடத்தல்காரர்களின் கணவாய். 1807இல் ஜெஃபர்சன் வெளிநாட்டு வணிகத்துக்குத் தடை விதித்தபோது கனடாவோடு வியாபாரம் செய்து பிழைத்தவர்கள் மாடுகளையும் சரக்குகளையும் இந்த வழியாகத்தான் கடத்தினார்கள். 1920களில் மதுவிலக்கு வந்தபோது மறுபடி இதே பாறைகளின் இடுக்கில் கனடாவின் மது இறங்கியது. வெர்மான்ட்டுக்கு மதுவிலக்கு புதிதும் அல்ல. நாடு முழுவதற்கும் வருவதற்கு ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் முன்பே, 1850களில், இந்த மாநிலம் தனக்குத்தானே அதை விதித்துக்கொண்டு அரை நூற்றாண்டு வைத்திருந்தது. இன்று ஆள்வீதக் கணக்கில் அமெரிக்காவிலேயே ப்ரூவரிகள், அதாவது பீர் ஆலைகள், மிக அதிகமாக இருக்கும் மாநிலங்களில் ஒன்று என்று பெயரெடுத்திருப்பது அந்த மண்தான்.

அந்த மாற்றத்தைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரைச் சொல்லாமல் என்னால் எந்தக் கோப்பையையும் பற்றி எழுத முடியாது. 1970களின் முடிவில் அமெரிக்கா முழுவதிலும் நூறு ப்ரூவரிகள்கூட இல்லை. வீட்டில் பீர் காய்ச்சுவதே மத்திய சட்டப்படி குற்றமாக இருந்தது. 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அதை நீக்கியது. அதற்குப் பிறகு வீட்டில் காய்ச்சிப் பழகியவர்கள் பலர் தொழிலுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் கிரெக் நூனன். குளிரில் நொதிக்கும் லாகர் வகைப் பீரைக் காய்ச்சுவது எப்படி என்று 1986இல் அவர் எழுதிய புத்தகத்தின் பிரதி என் தம்பியின் அலமாரியில் மால்ட் தூசி படிந்து இருக்கிறது. உணவகத்திலேயே பீர் காய்ச்சி விற்க வெர்மான்ட் சட்டம் இடம் தரவில்லை. சட்டமன்றத்தின் படிகளில் ஏறி இறங்கி, சட்டத்தை மாற்றவைத்து, 1988இல் பர்லிங்டனில் தன் கடையைத் திறந்தார். 2009இல் காலமானார். அந்தக் கடையில் முதலில் பரிமாறுகிற வேலைக்குச் சேர்ந்து, பிறகு காய்ச்சும் பொறுப்புக்கு உயர்ந்த இளைஞர் ஜான் கிம்மிச். அங்கேயே வேலை பார்த்த ஜென் அவருக்கு மனைவியானார். இருவரும் 2003இல் வாட்டர்பரியில் ‘ஆல்கெமிஸ்ட்’ என்ற சிறு கடையைத் தொடங்கினார்கள்.

குருவிடமிருந்து கிம்மிச் பெற்றுவந்தது தொழில் நுணுக்கம் மட்டுமல்ல, உயிருள்ள ஒரு பொருளும்கூட: ஒரு ஈஸ்ட். பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிவந்த உறைமோர், வாங்கியவர் வீட்டில் தலைமுறை தாண்டி ஓடுவதுபோல, நூனனின் ஈஸ்ட் கிம்மிச்சின் தொட்டிகளில் தொடர்ந்தது. அதற்குக் கோனன் என்று செல்லப்பெயர். நொதிக்கும்போது அது பீச், ஆப்ரிகாட் பழங்களை நினைவூட்டும் மணத்தைத் தருகிறது, அடியில் முழுதாகப் படியாமல் பீரிலேயே மிதந்தும் நிற்கிறது. அந்த ஈஸ்ட்டோடு அளவுகடந்த ஹாப்ஸ் பூவைச் சேர்த்து அவர் காய்ச்சியதுதான் ‘ஹெடி டாப்பர்’. ஆல்கஹால் எட்டு விழுக்காடு. பீர் என்றால் கண்ணாடிபோலத் தெளிந்திருக்க வேண்டும் என்று எல்லோரும் நம்பிய காலத்தில் அவர் அதை வடிகட்டாமல் கலங்கலாகவே கொடுத்தார். ஹாப்ஸ் தூக்கலான ஐபிஏ என்ற வகையை இன்று உலகம் முழுவதும் இப்படிக் கலங்கலாகக் காய்ச்சுகிறார்கள். அதன் ஊற்று இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறது.

ஸ்டோவில் இருக்கும் அவர்களுடைய ப்ரூவரி 2016இல் கட்டியது. பனிச்சறுக்குக் காலணியைக் கழற்றி, சாதாரணக் காலணிக்கு மாறும்போது கிடைக்கும் சுகத்தோடு அங்கே நுழைந்தோம். கண்ணாடிக்கு அப்பால் தொட்டிகள், ஆட்கள் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஹாப்ஸின் வாசனை ஆளைத் தூக்கியது. கேன்களை வாங்கிக்கொண்டு மரவீட்டுக்குத் திரும்பினோம். கோப்பையில் ஊற்றாதே, கேனிலிருந்தே குடி என்று அதன் விளிம்பில் அச்சிட்டிருக்கிறது. மணம் காற்றில் கலைந்துவிடக் கூடாது என்பது அவர்களுடைய பிடிவாதம். தம்பி அதை மத ஆசாரம்போலக் கடைப்பிடிக்கிறவன்.

“அக்கா, குடிக்காத. முதல்ல மோந்து பாரு. அவசரமே இல்ல.”

மோந்தேன். பப்ளிமாஸ் தோல், பழுத்த மாம்பழம், பின்னால் பைன் பிசின். வாயில் வைத்தால் கசப்பு வருகிறது, ஆனால் அடிப்பதில்லை, மெதுவாகப் படர்ந்து அடங்குகிறது. அந்த எட்டு விழுக்காடு நாக்குக்குத் தெரியவே தெரியாது, அதுதான் ஆபத்தும். ஆளுக்கு ஒன்றே போதும் என்று நிறுத்திக்கொண்டோம்.

இந்த மணம் ஏன் ஊர்விட்டு ஊர் போகாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஹாப்ஸ் பூவைக் கொதியின் தொடக்கத்தில் போட்டால் அதிலுள்ள ஆல்பா அமிலங்கள் மாற்றமடைந்து கசப்பைத் தரும், மணம் தரும் எண்ணெய்களோ ஆவியோடு போய்விடும். அதனால் இவர்கள் பெரும்பகுதி ஹாப்ஸைக் கொதி முடிந்த பிறகும், நொதித்த பிறகும் போடுகிறார்கள். எண்ணெய் அப்படியே பீரில் தங்குகிறது. ஆனால் கொஞ்சம் ஆக்சிஜனும் கொஞ்சம் வெப்பமும் பட்டால் அது வாரங்களிலேயே மங்கி, ஈர அட்டைப்பெட்டி வாசம் அடிக்க ஆரம்பித்துவிடும். பாஸ்சர் முறையில் சூடாக்கிக் காக்கலாம் என்றால் அந்தச் சூடே மணத்தைக் கெடுக்கும். ஆகவே குளிரிலேயே வைத்து, பக்கத்திலேயே விற்று, சீக்கிரமே குடித்துவிடுவது ஒன்றுதான் வழி. வளர முடியாததால் சின்னதாக இருக்கிறார்கள் என்று நினைத்திருந்தவர்கள் அந்தக் கேனை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். பக்கத்தில் இருப்பதுதான் அந்தப் பீரின் குணமே.

நான் கடைசி மிடறைச் சாய்க்கப் போனபோது தம்பி கையைப் பிடித்துவிட்டான். “அதை விட்டுவை, அடியில ஈஸ்ட் இருக்கு.” கொதிக்கவைத்து ஆறவைத்த மால்ட் சாறு ஒரு கண்ணாடிக் குடுவையில் தயாராக இருந்தது. கேனின் விளிம்பைத் துடைத்துச் சுத்தம் செய்து, அடிவண்டலை அதில் விட்டு மூடினான். வீட்டில் காய்ச்சுகிற பலர் கோனனைத் தங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது இப்படித்தான். இரண்டாம் நாள் அந்தக் குடுவையில் நுரை கட்டியதைப் பார்த்தபோது, நூனனை ஒருமுறையாவது நேரில் பார்த்திருக்கலாமே என்று இருந்தது எனக்கு.

வாட்டர்பரியில் அவர்கள் தொடங்கிய பழைய கடை இப்போது இல்லை. 2011 ஆகஸ்ட் 28, ஐரீன் புயல். வினூஸ்கி ஆறு ஊருக்குள் புகுந்தது. அடித்தளத்தில் இருந்த காய்ச்சும் சாலையும் மேலே கடையும் நாசம். ஊரின் இன்னொரு பகுதியில் கேனில் அடைப்பதற்காக அவர்கள் கட்டிக்கொண்டிருந்த சிறு ஆலை தப்பியது. வெள்ளம் வந்த சில நாட்களிலேயே அங்கே முதல் கேன்கள் வெளிவந்தன. பழைய கட்டடத்தில் அடுத்த ஆண்டு வேறொருவர் உணவகம் திறந்தார், அங்கேயும் இப்போது சொந்தப் பீர் உண்டு. நாங்கள் அங்கே மதியம் சாப்பிட்டோம்.

ட்ராப் குடும்பத்தின் மலைவிடுதிக்குப் போனது வேறு விதமான சறுக்குக்காக. ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படம் பார்த்தவர்களுக்கு இந்தக் குடும்பத்தைத் தெரியும். ஆஸ்திரியாவிலிருந்து வெளியேறி, பாடிப் பிழைத்து, 1942இல் ஸ்டோவில் ஒரு பண்ணையை வாங்கிக் குடியேறினார்கள். இந்த மலைச்சாரல் சால்ஸ்பர்க் பக்கத்து ஊரை நினைவூட்டியதாம். பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டியான யோஹனஸ், 1968இல் இங்கே நெடுந்தூரச் சமதளச் சறுக்குக்கு ஒரு மையத்தைத் தொடங்கினார். அமெரிக்காவில் கட்டணம் வாங்கி நடத்திய இந்த வகை மையங்களில் இதுவே முதலாவது. இந்தச் சறுக்கில் குதிகால் பலகையோடு கட்டப்படுவதில்லை. மேட்டிலும் நாமே நம் காலால் ஏற வேண்டும். லிஃப்ட் கிடையாது, வரிசை கிடையாது, வேகம் கிடையாது. எனக்கு இதுதான் பிடித்தது என்று ஏறத் தொடங்கிய அரை மணியில் தெரிந்துவிட்டது. காட்டுக்குள் ஸ்லேட்டன் பாஸ்சர் என்ற மரக்குடில் வரை போனோம். விறகடுப்பின் பக்கத்தில் சூப்பு கொடுக்கிறார்கள். முகத்தில் வியர்வை, இமையில் பனித்துகள், கையில் சூடான கிண்ணம்.

இறங்கிவந்தால் அவர்களுடைய பீர்க்கூடம். யோஹனஸுக்குத் தன் முன்னோர் நாட்டு லாகரை இங்கேயே காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. 2010இல் விடுதியின் ரொட்டிக்கடைக்கு அடியில் சிறிதாக ஆரம்பித்து, சில ஆண்டுகளில் முறையான ப்ரூவரியாக வளர்த்தார். எல்லோரும் ஹாப்ஸ் மணத்தின் பின்னால் ஓடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே ஊரில், ஹெல்லஸ், வியன்னா, டுங்கல், பில்ஸ்னர் என்று பழைய மத்திய ஐரோப்பிய லாகர்களைக் காய்ச்சக் கிளம்பியது எனக்குப் பெரிய துணிச்சலாகப் படுகிறது.

லாகர் ஈஸ்ட் குளிர்ப்பிரியன். ஏல் ஈஸ்ட் இருபது பாகை செல்சியஸில் சில நாட்களில் முடிக்கிற வேலையை இது பத்துப் பாகையில் நிதானமாகச் செய்யும். பிறகு உறைநிலைக்குச் சற்று மேலே வாரக்கணக்கில் படுத்துக்கிடந்து, கந்தக வாசமெல்லாம் போய், தெளிந்து வர வேண்டும். அத்தனை நாளும் ஒரு தொட்டி முடங்கிக் கிடக்கும். சிறு தொழில் செய்கிறவருக்கு அது நேரான பண நட்டம். இந்த ஈஸ்ட் ஒரு கலப்பினம். ஒரு பெற்றோர் ரொட்டிக்கும் ஏலுக்கும் பயன்படும் ஈஸ்ட் என்று தெரிந்திருந்தது. குளிர் தாங்கும் இன்னொரு பெற்றோர் எங்கே இருக்கிறது என்று நெடுநாள் யாருக்கும் தெரியாது. 2011இல் அர்ஜென்டினாவின் பாட்டகோனியாவில், பீச் (beech) மரக் காடுகளில், மரத்தில் திரளும் முடிச்சுகளில் அதைக் கண்டுபிடித்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் தம்பிக்கு நள்ளிரவில் போன் செய்தது நினைவிருக்கிறது. மலைக்காட்டுக் குளிரில் பிறந்த உயிரின் கைவேலையை, ஒரு மலைக்காட்டில் நடந்து இறங்கிவந்து குடிக்கிறோம் என்ற எண்ணமே அந்தப் பீர்க்கூடத்தில் எனக்குப் பரவசமாக இருந்தது.

ஹெல்லஸ் வைக்கோல் நிறம், ரொட்டியின் மென்மை. டுங்கலில் வறுத்த ரொட்டியின் ஓரம். நான் நின்றது வியன்னாவில். 1841இல் வியன்னாவுக்குப் பக்கத்தில் ஆன்டன் ட்ரெஹர் முதலில் காய்ச்சிய வகை இது. செம்பு நிறம், நாக்கில் லேசான மால்ட் இனிப்பு, விழுங்கியதும் சுத்தமாகத் துடைத்தெடுத்த முடிவு. இரண்டு மணி நேரம் பனியில் நடந்த உடம்புக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் இதுவரை குடித்ததில்லை. ஊரே கலங்கல் ஐபிஏவுக்கு வரிசையில் நின்றாலும், இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த கோப்பை எனக்கு இதுதான்.

தம்பி ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் ஒன்று சொன்னான். “இதுல ஒளிஞ்சுக்க இடமே இல்லக்கா. ஹாப்ஸை அள்ளிக் கொட்டினா எந்தத் தப்பையும் மூடிடலாம். ஹெல்லஸ்ல துளி தப்பு நடந்தாலும் நாக்கு கண்டுபிடிச்சிடும்.” தண்ணீரும் மால்ட்டும் ஈஸ்ட்டும் ஒரு பிடி ஹாப்ஸும் மட்டுமே வைத்து அந்தத் தெளிவைக் கொண்டுவரும் கைகள் மீது எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது. நூனனும் தன் புத்தகத்தை லாகருக்காகத்தான் எழுதினார்.

கிரீன்ஸ்பரோவுக்குப் போகும் வழியே ஒரு தனி உலகம். ஸ்டோவிலிருந்து வடகிழக்கே போகப் போக விடுதிகள் மறைந்து பால்பண்ணைகள் வருகின்றன, தார்ச்சாலை மண்சாலையாகிறது. வழியில் கிராஃப்ட்ஸ்பரியில் காலையில் சறுக்கினோம். ஒலிம்பிக் வீரர்கள் பயிற்சி பெறுகிற இடம், அவர்கள் நம்மைக் கடந்து போகிற வேகத்தில் காற்று வீசும். பிறகு ஹில் ஃபார்ம்ஸ்டெட். ஷான் ஹில் கோபன்ஹேகனில் காய்ச்சும் வேலை பார்த்துப் பெயர் வாங்கியவர். அங்கேயே இருந்திருக்கலாம். திரும்பிவந்து, தலைமுறைகளாகத் தன் குடும்பத்தின் கையில் இருந்த நிலத்தில் 2010இல் ப்ரூவரி தொடங்கினார். பீர்களுக்கு முன்னோரின் பெயர். எட்வர்ட் அவருடைய தாத்தா. அந்தப் பெயரில் ஒரு பேல் ஏல். ஒருகாலத்தில் எட்வர்ட் நின்ற மண்ணில் நின்று எட்வர்டைக் குடிக்கலாம். பீர் மதிப்பிடும் இணையதளம் ஒன்று உலகின் தலைசிறந்த ப்ரூவரி என்று இதை அறிவித்த பிறகும், உற்பத்தியைப் பெருக்கிக்கொண்டே போக அவர் ஆசைப்படவில்லை.

எட்வர்ட் மென்மையானது, பூவாசம், வாயில் பட்டுபோல இறங்குகிறது. அதைவிட என்னை நிறுத்தியது ஆர்தர் என்கிற சேசான். பெல்ஜியப் பண்ணைவீட்டு மரபு. காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்து வேலை செய்கிற புளிப்பு. எலுமிச்சை, ஈர வைக்கோல், நிலவறையின் மணம் எல்லாம் அதில் இருந்தன. நுண்ணுயிர்களைக் கண்ணாடித் தட்டுகளில் தனித்தனியாகப் பிரித்து வளர்த்தே பழகியவள் நான். அவை கூட்டாக வாழ்ந்தால் இப்படி ஒரு சுவையைக் கட்டும் என்பதை அன்றுதான் நாக்கால் அறிந்தேன். அதே ஊரில் ஜாஸ்பர் ஹில் என்ற பாலாடைக்கட்டிப் பண்ணை, இரண்டு சகோதரர்கள் நடத்துவது. ஹார்பிசன் என்ற வகையை ஸ்ப்ரூஸ் மரத்தின் உள்பட்டையால் சுற்றிப் பக்குவப்படுத்துகிறார்கள். கரண்டியால் அள்ளித் தின்ன வேண்டியிருக்கும். ஆர்தரோடு அதைச் சாப்பிட்டபோது என் கணவர்கூட, “எனக்கு அந்தப் பக்கம் இன்னொரு துண்டு வை” என்றார்.

திரும்பும் வழியில் மேட் ரிவர் பள்ளத்தாக்கு. மேட் ரிவர் க்ளென் சறுக்குமலை 1948இல் திறந்தது. 1995 முதல் அங்கே சறுக்குகிறவர்களே கூட்டுறவாகச் சேர்ந்து அதைச் சொந்தமாக வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் வானம் தரும் பனி மட்டுமே. ஒருவர் மட்டும் உட்காரும் ஒற்றை நாற்காலி லிஃப்ட் பழசானபோது, வேகமான நவீன லிஃப்ட் போடாமல் அதையே 2007இல் புதுப்பித்தார்கள். அதில் தனியாக உட்கார்ந்து மேலே போகும்போது பேச ஆளில்லை, காடு மட்டும்தான். இதே மலையில் இயற்கை வழிகாட்டியாக இருந்து, பனியில் விலங்குகளின் தடங்களை மக்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தவர் ஷான் லாசன். 2008இல் வாரனில் வீட்டையொட்டிய சின்னக் கொட்டகையில் பீர் காய்ச்ச ஆரம்பித்தார். ஆசைப்பட்டவர்கள் பெருகியபோது அந்தக் கொட்டகை போதவில்லை. ‘சிப் ஆஃப் சன்ஷைன்’ என்ற அவருடைய புகழ்பெற்ற ஐபிஏவைக் கனெக்டிகட்டில் வேறொரு ப்ரூவரியின் தொட்டிகளில் காய்ச்சுகிறார். ஊரைவிட்டுப் போனதால் அதைக் குறைசொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த வருமானம்தான் 2018இல் வெயிட்ஸ்ஃபீல்டில் இந்த அழகான மரக்கூடத்துக்கு வழி செய்தது, ஊர்க்காரர்கள் கணப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

ஆனால் அங்கே நான் தேடியது வேறு. ஆண்டுக்கு ஒருமுறை, மேப்பிள் மரங்களில் சாறு இறங்கும் நாட்களில், தண்ணீருக்குப் பதிலாக அந்தச் சாற்றையே முழுக்க ஊற்றி லாசன் காய்ச்சுகிற மேப்பிள் ட்ரிப்பிள். சாறு வெளிறிய இனிப்புத் தண்ணீர்போல இருக்கும், ஒரு லிட்டர் பாகுக்கு நாற்பது லிட்டர் வற்ற வேண்டும். இரவில் உறைந்து பகலில் இளகும் பருவத்தில்தான் மரம் அதைக் கொடுக்கும். நாங்கள் போனபோது பகலிலும் உறைபனி, மரங்கள் இன்னும் அசையவில்லை. பரிமாறிய பெண், “மார்ச்சில் வந்து பாருங்கள்” என்றாள். தம்பி தன் போனில் வாரன் ஊரின் இரவுநேர வெப்பநிலையைப் பார்க்க ஆரம்பித்தான், முதல் சாறு இறங்கும் வாரம் எனக்குச் செய்தி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான்.